க்ரூப் ப்ராஜெக்ட் போஸ்டர், ஸ்லைடு: எங்க தடுக்குது, எப்படி சரி பண்றது

போன வருஷம் எங்க டிபார்ட்மெண்ட் ப்ராஜெக்ட் எக்ஸ்போவுல பார்வை இல்லாத ஒரு பி.ஏ. தம்பி பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பத்தின போஸ்டர் முன்னாடி வந்து நின்னு "இதுல என்ன போட்டிருக்கீங்க"ன்னு கேட்டாரு. போஸ்டர் பக்கத்துல மூணு பேர் நிக்கிறாங்க. "மேப் இருக்கு"ன்னாங்க. "மேப்ல என்ன இருக்கு"ன்னாரு. அதுக்கு மேல ஒருத்தருக்கும் வாய் வரல, ஏன்னா அந்த மேப்பை வரைஞ்ச நாலாவது பையன் அன்னிக்கு காய்ச்சல்னு லீவு. அந்த தம்பி ஒரு நிமிஷம் நின்னுட்டு "சரிங்க"ன்னு நகர்ந்துட்டாரு. நான்தான் அந்த க்ரூப்புக்கு கைடு, எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

அன்னிலருந்து என் க்ரூப்புக்கெல்லாம் ஒரே ஒரு ரூல் வச்சிருக்கேன். படத்தை யார் போட்டாங்களோ அவங்களே அதுக்கான விளக்கத்தையும் எழுதணும், அன்னிக்கே எழுதணும். கடைசில பிபிடி சேத்து ஒட்டுற ஆளுகிட்ட அதை தள்ளக் கூடாது, ஏன்னா அவனுக்கு அந்த கிராஃப் என்ன சொல்லுதுன்னே தெரியாது. கீழ இருக்கறது எல்லாம் நான் திரும்பத் திரும்ப பாக்குற கோளாறுங்க. உங்களுக்கு எது நடக்குதோ அங்க போய் படிங்க.

"கடைசி பெஞ்சுல படிக்க முடியலங்குறாங்க"

மொதல்ல எழுத்து சைஸ்தான் காரணமான்னு பாருங்க. அதுக்கு செமினார் ஹால் வரைக்கும் போக வேண்டாம். ஹால்ல ஸ்க்ரீன் 6 அடி அகலம்னு வைங்க, கடைசி பெஞ்ச் 36 அடி தள்ளி இருக்கு, அதாவது ஸ்க்ரீன் அகலத்தை போல 6 மடங்கு தூரம். உங்க லேப்டாப் ஸ்க்ரீன் சுமாரா ஒரு அடி அகலம், அப்போ ஸ்லைடை ஃபுல் ஸ்க்ரீன்ல போட்டுட்டு 6 அடி பின்னாடி போய் நின்னு பாருங்க, அங்கருந்து என்ன தெரியுதோ அதுதான் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். பெரும்பாலும் 24 பாயிண்ட்டுக்கு கீழ போனா தமிழ் எழுத்து தடுமாறும், நான் 28னு சொல்றேன். இங்கிலீஷை விட தமிழுக்கு கொஞ்சம் பெருசா வேணும், காரணம் புள்ளி. தூரத்துலருந்து பாக்கும்போது மொதல்ல காணாம போறது மெய்யெழுத்து மேல இருக்க அந்த புள்ளிதான், அது போச்சுன்னா ஒவ்வொரு வார்த்தையையும் யூகிச்சு யூகிச்சு படிக்கணும். ரொம்ப போல்டான ஃபாண்ட்லயும் இதே பிரச்சனை வரும், ண-வுக்கும் ன-வுக்கும் உள்ள சுழி அடைச்சுக்கும். நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி சாதாரணமான ஃபாண்ட் போதும், வரிக்கு நடுவுல இடைவெளி 1.2லருந்து 1.5 வரைக்கும் விடுங்க, இல்லன்னா மேல் வரியோட உகரக் கால் கீழ் வரியோட புள்ளியில போய் இடிக்கும்.

போஸ்டருக்கு வேற டெஸ்ட். ஏ1 சைஸ்ல பண்றீங்கன்னா அதை அப்படியே ஏ4ல ஒரு பிரிண்ட் எடுங்க. கிட்டத்தட்ட 2.8 மடங்கு சுருங்கும். அந்த ஏ4-ஐ ஒன்றரை அடி தள்ளி பிடிச்சு படிக்க முடிஞ்சா ஏ1 போஸ்டரை நாலடி தள்ளி நின்னு படிக்கலாம். படிக்க முடியலன்னா எழுத்தை பெருசாக்கறதை விட பாதி வரியை வெட்டுங்க, ரிப்போர்ட்ல இருக்கறதை அப்படியே போஸ்டர்ல ஒட்டுறதாலதான் எழுத்து சின்னதாவுது.

"வீட்ல நல்லா தெரிஞ்சது, ப்ரொஜெக்டர்ல வெளுத்துப் போச்சு"

எழுத்துக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் பத்தல. எல்லாரும் படிக்கற மாதிரி வெப்சைட் பண்றதுக்கான அணுகல் விதிகள்ல இதுக்கு கணக்கே இருக்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம் சாதாரண எழுத்துக்கு குறைஞ்சது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளை மேல கருப்பு 21:1. வெள்ளை மேல பசங்க ஆசையா போடுற சுத்த சிவப்பு 4:1தான் வரும், நீலத்து மேல சிவப்புன்னா 2-க்கு பக்கத்துல நிக்கும், வெள்ளை மேல மஞ்சளை சொல்லவே வேண்டாம். இதெல்லாம் லேப்டாப் ஸ்க்ரீன்ல எடுக்கற கணக்கு, பகல் வெளிச்சத்துல பழைய ப்ரொஜெக்டர் இதை இன்னும் குறைக்கும். போட்டோ மேல எழுத்து வைக்கவே வைக்காதீங்க, வச்சே ஆகணும்னா எழுத்துக்கு கீழ ஒரு கட்டியான பட்டை போடுங்க.

"எந்த கோடு எதுன்னு தெரியல"

சிவப்பு-பச்சை நிறக்குருடு பொண்ணுங்களை விட ஆம்பளைங்களுக்கு நிறைய வரும், அதுக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால. ஒரு க்ளாஸ்ல ஒருத்தராவது இருக்க வாய்ப்பு உண்டு, சில பேருக்கு தனக்கு இருக்குன்னே தெரியாது. டெஸ்ட் ரொம்ப சுலபம், கிராஃபை போன்ல போட்டோ எடுத்து கருப்பு வெள்ளை ஃபில்டர் போடுங்க. எது எதுன்னு இன்னும் பிரிச்சு சொல்ல முடிஞ்சா ஓகே.

முடியலன்னா லெஜண்ட் பொட்டியை (எந்த நிறம் எதுன்னு ஓரத்துல போடுற பட்டியல்) தூக்கிட்டு கோட்டோட நுனியிலயே பேரை எழுதுங்க, ஒண்ணு முழு கோடு, ஒண்ணு புள்ளி கோடு, ஒண்ணுல வட்டம், ஒண்ணுல முக்கோணம். பை சார்ட்டா இருந்தா துண்டு மேலயே பேரும் சதவீதமும். நிறமும் மாத்தணும்னா ஒகாபே-இட்டோன்னு ரெண்டு ஜப்பான் விஞ்ஞானிங்க பேர்ல ஒரு 8 நிற வரிசை இருக்கு, நிறக்குருடு உள்ளவங்களும் பிரிச்சு பாக்குற மாதிரி தேர்ந்தெடுத்தது, ஆரஞ்சும் நீலமும் அதுல நல்ல ஜோடி. "பச்சையில இருக்கறது பாதுகாப்பான கிணறு"ன்னு மட்டும் எழுதாதீங்க, கிணறு பக்கத்துலயே பாதுகாப்பானதுன்னு எழுதுங்க.

"காலேஜ் சிஸ்டத்துல திறந்தா தமிழ் எல்லாம் ஜே, கே, பி, ஓன்னு வருது"

இது யூனிகோடுல, அதாவது எல்லா சிஸ்டத்துலயும் தமிழை தமிழாவே வைக்கிற பொது எழுத்து முறையில, அடிக்காததால வர்றது. பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல நீங்க "தமிழ்"னு அடிக்கும்போது ஃபைலுக்குள்ள உக்காந்திருக்கறது தமிழே இல்ல, ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். அந்த ஃபாண்ட் அதுக்கு மேல தமிழ் சட்டை மாட்டி விடுது. ஃபாண்ட் இல்லாத சிஸ்டத்துல சட்டை கழண்டுடும். அதைவிட மோசம், உங்க சிஸ்டத்துல அழகா தெரிஞ்சாலும் ஸ்க்ரீன் ரீடர் (பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்க்ரீன்ல இருக்கறதை குரல்ல வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) அந்த இங்கிலீஷ் எழுத்தைத்தான் வாசிக்கும். அதனால "எங்க சிஸ்டத்துல ஓகேதான சார்"னு சொல்றது பதில் இல்ல.

கண்டுபிடிக்கறதுக்கு, ஒரு வரியை காப்பி பண்ணி வாட்ஸப்ல யாருக்காவது அனுப்பி பாருங்க. தமிழா போச்சுன்னா யூனிகோடு. கன்னாபின்னான்னு போச்சுன்னா என்.எச்.எம் கன்வர்ட்டர் மாதிரி ஏதாவது ஒண்ணுல போட்டு மாத்திக்கலாம், ஆனா மாத்துனப்புறம் ஒரு தடவை வரி வரியா படிங்க. நடுவுல பி.எச் அளவு, கெமிக்கல் ஃபார்முலான்னு இங்கிலீஷ்ல இருந்ததையும் அது தமிழ்னு நினைச்சு சம்பந்தமே இல்லாத எழுத்தா மாத்தி வச்சிருக்கும். 2010லயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிச்சு, இனிமே புதுசா அடிக்கறதை நேரா யூனிகோடுலயே அடிச்சுடுங்க.

ஃப்ளெக்ஸ் கடையில இதோட இன்னொரு முகம் தெரியும். அங்க பழைய டிசைன் சாஃப்ட்வேர்ல யூனிகோடு தமிழை போட்டா கொம்பு தனியா, எழுத்து தனியா பிரிஞ்சு நிக்கும், உடனே கடைக்காரர் அவரோட ஃபாண்ட்ல திரும்ப அடிச்சு தருவாரு, அதுல பிழை வரும். அதனால கடைக்கு வேர்டு ஃபைலோ பிபிடியோ குடுக்காதீங்க, முடிஞ்ச பிடிஎஃப்பா குடுங்க. உங்க பிபிடி ஃபைலை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க, ஸ்க்ரீன் ரீடர் வச்சிருக்கவங்களுக்கு அதுதான் உதவும்.

"ஸ்க்ரீன் ரீடர் ஒண்ணுமே படிக்கல, இல்லன்னா தலைகீழா படிக்குது"

இதுலதான் நிறைய வேலை இருக்கு, ஆனா வழி தெரிஞ்சா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும். நாலு பேர் நாலு ஃபைல் பண்ணி ஒண்ணா ஒட்டுன பிபிடி எதுவா இருந்தாலும் மொதல்ல வியூ மெனுவுல அவுட்லைன் வியூ போய் பாருங்க. இடது பக்கம் ஸ்லைடோட தலைப்பும் வரிகளும் வரணும். வெறும் நம்பரா 1, 2, 3ன்னு மட்டும் வந்தா எல்லாத்தையும் ப்ளாங்க் லேஅவுட்ல டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டு எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம். கண்ணுக்கு தலைப்பு மாதிரி பெருசா தெரியும், சாஃப்ட்வேருக்கு அது தலைப்புன்னு தெரியாது. லேஅவுட்டை டைட்டில் அண்ட் கண்டெண்ட்னு மாத்தி, எழுத்தை அந்த கட்டத்துக்குள்ள கட் பண்ணி ஒட்டுங்க. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேற வேற தலைப்பு வேணும், மூணு ஸ்லைடுக்கும் "முடிவுகள்"னே இருந்தா கேக்கறவருக்கு எங்க இருக்கோம்னு பிடிபடாது. "முடிவுகள்: கிணத்துத் தண்ணி", "முடிவுகள்: ஏரித் தண்ணி"ன்னு பிரிங்க.

அடுத்தது வரிசை. ஆல்ட்டையும் எஃப்10-ஐயும் சேத்து அழுத்துனா வலது பக்கம் செலக்ஷன் பேன் வரும், அந்த ஸ்லைடுல இருக்க எல்லா பொருளும் அதுல வரிசையா நிக்கும். இதுல ஒரு விஷயம் எல்லாரையும் குழப்பும், ஸ்க்ரீன் ரீடர் அந்த பட்டியலை கீழருந்து மேல படிக்கும். அப்போ தலைப்பு பட்டியலோட அடியில இருக்கணும், கடைசியா படிக்க வேண்டியது உச்சியில. காலேஜ் லோகோவை மொதல்ல இன்செர்ட் பண்ணியிருந்தா அது அடியில போய் உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு ஸ்லைடுலயும் மொத ஆளா குரல் குடுக்கும். லோகோ, பூ பார்டர் இதுக்கெல்லாம் புது ஆபிஸ்ல டெக்கரேட்டிவ்னு ஒரு டிக் இருக்கு, போட்டுட்டா ஸ்க்ரீன் ரீடர் தாண்டிப் போயிடும்.

அப்புறம் படம். படத்து மேல ரைட் க்ளிக் பண்ணா ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்துக்கு பதிலா ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கற விளக்கம், எழுத இடம் வரும். நான் திறந்து பாக்குற பிபிடில பாதியில அங்க "படம் 3"ன்னு இருக்கும், மீதியில கம்ப்யூட்டரே யூகிச்சு போட்ட ஒரு வரி இருக்கும். ஒரு க்ரூப் சென்னையோட மாசவாரி மழைக்கு பார் சார்ட் போட்டிருந்தாங்க, ஆல்ட் டெக்ஸ்ட்ல "மழை கிராஃப்"னு இருந்துச்சு. கிராஃப் போட்ட பொண்ணை கூப்பிட்டு, கண்ணை மூடிக்கிட்டு உன் பாட்டிக்கு போன்ல சொல்ற மாதிரி சொல்லும்மான்னேன். "சார், ஜனவரிலருந்து மே வரைக்கும் பார் எல்லாம் குட்டை குட்டையா இருக்கு, ஜூன்ல ஏற ஆரம்பிக்குது, நவம்பர்லதான் உச்சம், டிசம்பர்ல இறங்கிடுது, ஊருக்கு பெரிய மழை வடகிழக்கு பருவமழைதான்"னு கடகடன்னு சொன்னுச்சு. அதைத்தான் எழுதணும்னேன். ரெண்டு வரி, அவ்வளவுதான், ஆனா அதை அந்த பொண்ணு மட்டும்தான் எழுத முடியும், ஒட்டுன பையனால முடியாது.

டேபிளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீங்க, டேபிளாவே போடுங்க, ஹெட்டர் ரோன்னு டிக் பண்ணுங்க. பழைய ஆபிஸா இருந்தாலும் 2010லருந்து ஃபைல் மெனுவுல இன்ஃபோவுக்குள்ள செக் அக்ஸசிபிலிட்டி இருக்கு, புதுசுல ரிவ்யூ டேப்ல இருக்கு. ஆல்ட் டெக்ஸ்ட் இல்லாத படத்தை எல்லாம் அது பட்டியல் போட்டு காட்டும். ஆனா "மழை கிராஃப்"னு இருந்தா அதுக்கு சந்தோஷம்தான், எழுதியிருக்கறது உபயோகமான்னு அதுக்கு தெரியாது.

கடைசியா காதால கேளுங்க. என்விடிஏன்னு ஒரு ஸ்க்ரீன் ரீடர் இலவசமா கிடைக்குது, இன்ஸ்டால் பண்ணி தமிழ் குரல் வச்சு, ஸ்லைடு ஷோ ஓட விட்டு, ஸ்க்ரீனை பாக்காம கேளுங்க. குரல் கொஞ்சம் இயந்திரத்தனமா இருக்கும், பழகிடும். டூல்ஸ் மெனுவுல ஸ்பீச் வியூவர் போட்டா அது பேசறது எழுத்தாவும் ஓடும்.

"பிடிஎஃப்பா அனுப்புனோம், அதுல ஒண்ணும் வரலங்குறாரு"

பிரிண்ட் மெனு வழியா பிடிஎஃப் பண்ணியிருப்பீங்க. அப்படி பண்ணா தலைப்பு, வரிசை, ஆல்ட் டெக்ஸ்ட் எல்லாம் போயிடும். சேவ் ஆஸ் போய் பிடிஎஃப் தேர்ந்தெடுத்து, ஆப்ஷன்ஸ்ல டாக்குமெண்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ்ங்கிறதுல டிக் இருக்கான்னு பாத்து சேவ் பண்ணுங்க. அப்பவும் தமிழ்ல சில சமயம் கால் காணாம போய் "கொடி" "கெடி" ஆகும், அதனால கூடவே பிபிடியையும் அனுப்பிடுங்க. அவர் எதுல படிக்கிறார்னு கேட்டுட்டு அனுப்பினா இன்னும் நல்லது.

"போஸ்டர் முன்னாடி வந்தாரு, ஆனா அவருக்கு ஒண்ணும் கிடைக்கல"

பார்வை இல்லாதவருக்கு பேச்சு மட்டும் போதாது, மேப் மாதிரி விஷயத்துக்கு கை வேணும். அந்த பள்ளிக்கரணை க்ரூப் காலேஜ் டேக்கு திரும்ப வச்சப்போ ஒரு தொடு மேப் பண்ணாங்க, செலவு நூறு ரூபா கூட ஆகல. கெட்டி அட்டை, சதுப்பு நிலத்தோட எல்லைக்கு ஃபெவிகால்ல தோய்ச்ச சணல் கயிறு, கட்டிடம் வந்துட்ட பகுதிக்கு உப்புத்தாள், தண்ணி இருக்கற பகுதிக்கு வழுவழு ப்ளாஸ்டிக் ஷீட், பெருங்குடி குப்பைக் கிடங்குக்கு கசக்கி ஒட்டுன பேப்பர், ரோட்டுக்கு மெல்லிசான நூல். கிராஃபுக்கு ஒட்டுப்பொட்டு, ஒரு பொட்டு ஒரு புள்ளி. மொத நாள் ராத்திரி ஒட்டுனா காலையில காயாம கையில ஒட்டும், ரெண்டு நாள் முன்னாடியே பண்ணிடுங்க.

மொதல்ல பண்ணதுல ஒரு தப்பு நடந்துச்சு. எல்லா தெருவையும் நூல்ல ஒட்டிட்டாங்க, தொட்டா எது எல்லை, எது தெருன்னே புரியல. கண்ணு பாக்குற அளவு நெருக்கத்தை விரல் தாங்காது. ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு விரல் அகலமாவது இடம் விட்டு, அஞ்சாறு விஷயத்துக்கு மேல வைக்காம பிரிச்சு பண்ணப்போ சரியா வந்துச்சு. மேல் மூலையை சின்னதா வெட்டி விட்டாங்க, அதை தொட்டதும் அட்டை எந்தப் பக்கம் நிமிந்திருக்குன்னு தெரியும். பெயர்ப் பட்டைக்கு பிரெய்ல் வேணும்னா பிரெய்ல் தெரிஞ்சவர்கிட்டயே கேட்டு குத்தி வாங்குங்க. ஸ்லேட்டுல ஸ்டைலஸ் வச்சு பின்பக்கத்துலருந்து குத்தறதால வலமிருந்து இடமா எழுதணும், தெரியாம நாமளே குத்துனா கண்ணாடி பிம்பமா வந்துடும்.

பி.ஏ. தம்பியை திரும்ப கூப்பிட்டோம். கயிறை சுத்தி விரலை ஓட்டிட்டு, உப்புத்தாள்ல கை வச்சு, "இவ்ளோ தூரம் வீடு வந்துடுச்சா"ன்னு கேட்டாரு. 2022ல ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட பட்டியல்ல, சேத்த இடம்ங்க, 1,200 ஹெக்டேருக்கு மேலன்னு மேப் போட்ட பையன் சொல்ல ஆரம்பிச்சான், ரெண்டு பேரும் கால் மணி நேரம் பேசிட்டு இருந்தாங்க.

"வீல்சேர்ல வந்தவரால மேல இருக்கறதை படிக்க முடியல"

உக்காந்தவர் கண்ணு தரையிலருந்து நாலடி உயரத்துலதான் இருக்கும். போஸ்டரோட நடு அந்த உயரத்துக்கு வர்ற மாதிரி மாட்டுங்க, முக்கியமான வரியை உச்சியிலயும் வைக்காதீங்க, அடியிலயும் வைக்காதீங்க. முன்னாடி டேபிள் போட்டு மாடலை வச்சு வழியை அடைக்காதீங்க. க்யூஆர் கோடு வச்சா அதுவும் கைக்கு எட்டுற உயரத்துல, சுத்தி வெள்ளை ஓரம் விட்டு, பக்கத்துலயே "இதை ஸ்கேன் பண்ணா போஸ்டர் முழுக்க எழுத்தா வரும்"னு எழுதுங்க. அது திறக்கறது போஸ்டரோட படமா இருந்தா பிரயோஜனம் இல்ல, எழுத்தா இருக்கணும்.

"காது கேக்காத மாணவிக்கு பாதி புரியலையாம்"

ஸ்க்ரீனை பாத்து பேசறீங்களா, முதுகு காட்டாதீங்க. உதட்டை பாத்து புரிஞ்சுக்கறவங்களுக்கு ப-வும் ம-வும் ஒண்ணாத்தான் தெரியும், "படம்"னு சொன்னாலும் "மடம்"னு சொன்னாலும் உதடு ஒரே மாதிரி மூடும், அதனால பேரும் எண்ணும் கட்டாயம் ஸ்லைடுல எழுத்தா இருக்கணும். ஆண்ட்ராய்டு போன்ல பேசறதை எழுத்தா காட்டுற லைவ் டிரான்ஸ்கிரைப் ஆப்ல தமிழ் வச்சு பேசறவர் பக்கத்துல வைக்கலாம், நாம தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசறதால அது அங்கங்க தடுமாறும், அதுக்காக பேசப் போறதை ஒரு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து முன்னாடியே குடுத்துடுங்க. சைகை மொழிபெயர்ப்பாளர் வந்தா அவரை ஸ்க்ரீன் பக்கத்துல நிக்க வைங்க, லைட்டை மொத்தமா அணைக்காதீங்க. ஸ்லைடு மாத்துனதும் நாலஞ்சு செகண்ட் பேசாம இருங்க, ஸ்லைடையும் கையையும் ஒரே நேரத்துல அவங்களால பாக்க முடியாது. வீடியோ போட்டா சப்டைட்டிலோட போடுங்க.

"கேக்குறாங்க, ஆனா எதை சொல்றோம்னு புரியலங்குறாங்க"

"இங்க பாத்தீங்கன்னா இது ஏறுது, அது இறங்குது". இந்த "பாத்தீங்கன்னா" நம்ம எல்லார் வாயிலயும் இருக்கு, அது இருந்துட்டு போகட்டும், "இது", "அது", "இங்க"தான் பிரச்சனை. ரிகர்சல்ல ஒருத்தர் ஸ்க்ரீனுக்கு முதுகு காட்டி உக்காந்து கேளுங்க, புரியாத எடத்துலல்லாம் கையை தூக்குங்க. கை தூக்குன ஒவ்வொரு எடத்துலயும் "இது"க்கு பதிலா பேரை சொல்லுங்க, "நவம்பர் மழை ஏறுது, ஏரியோட கொள்ளளவு ஏறல"ன்னு.

"அந்த ஸ்லைடு பண்ணவர் வரல"

அதுக்குத்தான் ஸ்லைடுக்கு கீழ நோட்ஸ் பகுதி இருக்கு. படம் போட்டவர் ஆல்ட் டெக்ஸ்ட் எழுதுற அன்னிக்கே நோட்ஸ்ல மூணு விஷயம் எழுதி வைக்கணும்: படத்துல என்ன இருக்கு, டேட்டா எங்கருந்து எடுத்தது, யாராவது கேட்டா சொல்ல வேண்டிய ஒரு விஷயம். எக்ஸ்போவுக்கு மொத நாள் நாலு பேரும் உக்காந்து ஸ்லைடை மாத்திக்கிட்டு, அடுத்தவர் ஸ்லைடை நோட்ஸை மட்டும் வச்சு ஒரு தடவை பேசி பாருங்க. எங்க திக்குதோ அந்த நோட்ஸை அதை போட்டவரே அங்கயே உக்காந்து திருத்தணும்.